டிரெயின் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால்

கேள்வி: காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்றைப் போன வருடம் பழைய வண்டியாக வாங்கினேன். 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி முடிந்துவிட்டது. தினமும் பள்ளிக்கு 6 கிலோமீட்டர் போய் வருவதுதான் பெரும்பாலான ஓட்டம். எஞ்சின் ஆயிலை இந்த முறை வீட்டிலேயே நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். அப்பா டிராக்டருக்கு அவரே மாற்றுகிறவர். "காரும் அதே மாதிரிதான், ரெண்டு ஹாலோ பிளாக் வச்சுத் தூக்கிட்டா போதும்" என்கிறார். டிராக்டருக்கு வாங்கிய ஆயிலில் மீதி இருக்கிறது, அதையே ஊற்றலாமா? நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று உடன் வேலை செய்கிற சார் சொல்கிறார். பழைய வண்டி என்பதால் எஞ்சினுக்குள் மருந்து ஊற்றிக் கழுவுகிற ஃப்ளஷ் செய்ய வேண்டுமா? வெளியே எடுக்கும் பழைய ஆயிலை வேலிக் கால்களுக்கும் கட்டுத்தரை மரங்களுக்கும் கரையான் ஏறாமல் பூச அப்பா கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மணி. உங்கள் வண்டியில் இது கஷ்டமான வேலையே கிடையாது. அடியில் ஆயிலை இறக்குகிற டிரெயின் போல்ட், பக்கத்தில் ஒரு ஃபில்டர், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வண்டியை மேலே எது தாங்கப் போகிறது? கீழே இறங்குகிற ஆயில் கடைசியில் எங்கே போகப் போகிறது? இந்த இரண்டையும் முடிவு செய்யாமல் ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஆயிலை எப்படி மாற்றுவது என்பதை விட இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

அப்பாவின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. டிராக்டரைத் தானே பார்த்துக்கொள்கிற விவசாயிக்கு எஞ்சினைப் பற்றி நிறையவே தெரியும். ஆனால் டிராக்டர் உயரமாக நிற்கிறது. அடியில் சட்டியை வைத்து, பக்கவாட்டில் குனிந்தே போல்ட்டைக் கழற்றிவிடலாம், யாரும் அதற்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. உங்கள் ஸ்விஃப்ட் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர்தான் எழும்பி நிற்கிறது, ஒரு சாண் கூட இல்லை. தூக்காமல் வேலை நடக்காது. தூக்கினால், ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு அடியில் உங்கள் தலையும் நெஞ்சும் இருக்கும்.

அதனால் ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சுவரில் அந்தக் கல் வீட்டையே தாங்குகிறதே என்று தோன்றும். சுவரில் பாரம் மொத்தக் கல்லின் மேலும் பரவி இறங்குகிறது. காரின் அடியில் ஒரு இரும்பு விளிம்பு அதன் ஒரே இடத்தில் அழுத்தும். ஹாலோ பிளாக் வளையாது, முனகாது, எச்சரிக்கை கொடுக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். செங்கல்லும் அப்படித்தான். டிக்கியில் இருக்கிற ஜாக்கியை நம்பியும் அடியில் போகாதீர்கள். அது பஞ்சர் ஆன டயரை மாற்றக் கொடுத்தது, பக்கத்தில் நின்று வேலை செய்யத்தான் உதவும். எண்ணெய் ஜாக்கியும் சீல் கசிந்தால் மெல்ல இறங்கும், சில நேரம் மெல்லவும் இறங்காது. எந்த ஜாக்கியும் வண்டியை ஏற்றுவதற்கு மட்டும்தான். ஏற்றிய வண்டியைத் தாங்கி நிற்க வேறொன்று வேண்டும்.

முதல் முறை செய்கிறவருக்கு நான் சொல்வது இரும்பு ராம்ப் ஒரு ஜோடி. முன் சக்கரங்களை அதன் மேல் ஏற்றி நிறுத்திவிட்டால் ஜாக்கியே தேவையில்லை, வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். எத்தனை டன் தாங்கும் என்று அச்சிட்டு விற்கிறதை வாங்குங்கள். நம்ம பக்கம் நல்ல வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை, பற்ற வைத்துத் தரச் சொல்லலாம் என்று தோன்றும். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் வேண்டாம். ஏற்றும்போது ஒருவர் வெளியே பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்லட்டும், வண்டிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. ஏறியதும் ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை. ராம்ப் கிடைக்காமல், தூக்கின வண்டியைத் தாங்குகிற இரும்புக் காலான ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துவதாக இருந்தால், ஜாக்கியும் ஸ்டாண்டும் எங்கே கொடுக்கலாம் என்பதற்கு வண்டிக் கையேட்டில் படம் இருக்கும், அந்த இடங்களில் மட்டும் கொடுங்கள். எதில் நிறுத்தினாலும் அடியில் போவதற்கு முன் வெளியே நின்று வண்டியை நன்றாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. நீங்கள் அடியில் இருக்கும் நேரம் முழுக்க வீட்டில் யாராவது ஒருவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் தரையில் ஜாக்கியும் ஸ்டாண்டும் பதிந்து சாயும், அதனால் சிமெண்ட் தரைதான் வேண்டும். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சமமான பெரிய சிமெண்ட் தரை என்றால் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களம்தான் கண்ணில் படும். அங்கே மட்டும் செய்யாதீர்கள். சிமெண்ட் ஆயிலைக் குடித்துவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது, நாளைக்கு அதே தரையில் காய்கிற பருப்புதான் செக்குக்குப் போய்ச் சமையல் எண்ணெயாக வரும். கார் ஷெட்டில் பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்து, அதன் மேல் அட்டையோ சாக்கோ போட்டு அங்கே செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தேங்காய் நார்த்தூள் இருக்கட்டும். உங்கள் ஊரில் அது சும்மாவே கிடைக்கும், சிந்தின ஆயிலை மரத்தூள் மாதிரியே இழுத்துக்கொள்ளும். ஆடி மாதமாக இருந்தால் காற்று அடங்கிய விடிகாலையைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது போல்ட்டிலிருந்து விழும் ஆயில் கயிறு மாதிரி பக்கவாட்டில் பறந்து சட்டிக்கு வெளியே போகும், மேலே திறந்த மூடிக்குள் புழுதியும் இறங்கும்.

இனி எந்த ஆயில் என்பது. டிராக்டர் ஆயிலை ஊற்றாதீர்கள். அது டீசல் எஞ்சினுக்காகச் செய்தது, பெரும்பாலும் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 என்ற கெட்டி ரகமாக இருக்கும். அந்த எஞ்சினுக்கு அது சரி. உங்கள் காரின் எஞ்சினில் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் மிகச் சிறியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற அமைப்பு ஒன்றும் அதில் இருக்கிறது, அது இயங்குவதே மெல்லிய துளைகள் வழியாக ஓடும் ஆயிலின் அழுத்தத்தால்தான். கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். எஞ்சின் தேய்மானத்தில் ஒரு பெரிய பங்கு காலையில் ஸ்டார்ட் செய்கிற அந்த முதல் சில நொடிகளில் நடக்கிறது. அந்த நேரத்தில் ஆயில் சீக்கிரம் மேலே ஏறுவதுதான் முக்கியம்.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்று உங்கள் சக ஆசிரியர் சொல்வது நம்ம ஊரில் பலரும் நம்புகிற விஷயம். பழைய எஞ்சின்கள் காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. இப்போது எஞ்சினின் சூட்டைத் தீர்மானிப்பது வெயில் கிடையாது, உள்ளே சூட்டை ஒரே அளவில் வைக்கிற தெர்மோஸ்டாட் என்கிற வால்வு. சித்திரையில் காங்கேயத்தில் ஓடினாலும் மார்கழியில் ஊட்டியில் ஓடினாலும் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் ஏறக்குறைய 90 டிகிரியில்தான் நிற்கும், ஆயிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். டப்பாவில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை. இந்த இரண்டையும் கணக்குப் பார்த்துத்தான் எஞ்சினைச் செய்தவர்கள் கையேட்டில் ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். இந்த வகைப் பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 சொல்லியிருப்பார்கள். உங்கள் கையேட்டில் எது இருக்கிறதோ அதை வாங்குங்கள். கையேடு வண்டியோடு வரவில்லை என்றால் கம்பெனியின் இணையதளத்தில் மாடல், வருடம் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தர முத்திரைக்குள் எஸ்என் அல்லது அதற்குப் பின் வந்த எஸ்பி என்று இருந்தால் நல்லது. எஸ்பி 2020-ல் வந்த தரம்.

ஃபில்டரிலும் மலிவைப் பார்க்காதீர்கள். உங்கள் எஞ்சினுக்கு உரியதையே வாங்குங்கள், கூடவே டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் ஒன்று. ஆயிலிலும் ஃபில்டரிலும் போலி நிறைய ஓடுகிறது. பில் கொடுக்கிற கடையில், சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்து காலி டப்பா மிஞ்சினால் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாமல் கத்தியால் ஒரு கிழி கிழித்துப் போடுங்கள். நல்ல கம்பெனி டப்பாவில்தான் போலி திரும்ப நிரம்பும்.

ஃப்ளஷ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. முறையாக ஆயில் மாற்றி வந்த எஞ்சினுக்கு அது தேவைப்படாது. முறையாக மாற்றாமல் உள்ளே கசடு படிந்த எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால், இளகின கசடு கீழே வந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்க வாய்ப்பு உண்டு. முந்தின சொந்தக்காரர் எப்படி வைத்திருந்தார் என்று தெரியாத வண்டிக்கு நல்ல வழி, இந்த முறை ஊற்றும் ஆயிலை 5,000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றிவிடுவது. புது ஆயிலில் இருக்கும் கழுவும் சேர்மானங்கள் அவசரம் இல்லாமல் உள்ளே சுத்தம் செய்யும். ஊற்றின கொஞ்ச நாளிலேயே ஆயில் கறுத்தால் பதற வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. தினமும் 6 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் எஞ்சின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடும். எரியாத பெட்ரோலும், எரிவதால் உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கும். நீண்ட தூரம் ஓடினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். அதனால் கிலோமீட்டர் குறைவாக ஓடுகிற வண்டிக்கு ஆயில் நீண்ட நாள் வரும் என்று நினைப்பது தவறு. கம்பெனி 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று சொல்கிறது. உங்களுக்கு வருடம்தான் முதலில் வரும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கையேட்டிலேயே கடினமான உபயோகம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். குட்டைத் தூரமும் புழுதிப் பாதையும் அதில் வரும். இட்டேரி மண்பாதை வழியாகத் தார்ச்சாலையைப் பிடிக்கிற தோட்டத்து வண்டிக்கு இரண்டுமே பொருந்தும். அப்படியே ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள், ஆடி முடிந்த பிறகு அது செம்மண் நிறத்தில் இருந்தால் தட்டிப் போடாமல் மாற்றிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது தாராபுரமோ ஈரோடோ போய் வந்தால் எஞ்சினுக்கு நல்லது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளைப் படிவு தெரிந்தால் பெரும்பாலும் இந்தக் குட்டை ஓட்டத்தின் ஈரம்தான். ஆனால் ஆயில் அளவு பார்க்கிற கம்பியிலேயே வெள்ளையாக வந்தாலோ, கூலண்ட் குறைந்துகொண்டே போனாலோ ஆயில் மாற்றிப் பயனில்லை, எஞ்சினுக்குள் ஆயிலும் கூலண்ட்டும் கலக்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், பிறகு பத்து நிமிடம் விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் இளகி அழுக்கோடு முழுசாக இறங்கும். வெளியே போய் வந்த உடனே செய்தால் கை வெந்துவிடும், சைலன்சர் குழாயும் பக்கத்திலேயே இருக்கிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலில் ஊறுவது நல்லதில்லை. மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு அடியில் போங்கள். போல்ட்டுக்குப் பொருத்தமான ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ வேண்டும். வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதைக் கழற்றுவது தனி வேலை. முதல் திருகல் மட்டும் ஸ்பேனரில், மீதி விரலில். கடைசி மரையில் போல்ட்டை உள்ளே அழுத்திக்கொண்டே திருகி, சட்டென்று பக்கவாட்டில் இழுங்கள், ஆயில் கையில் கொட்டாது. சட்டி நான்கைந்து லிட்டர் பிடிப்பதாக இருக்கட்டும். சொட்டுச் சொட்டாக ஆகும் வரை பொறுங்கள், அவசரம் இல்லை.

ஃபில்டரைக் கழற்றும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா? சில நேரம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கறுப்பின் மேல் கறுப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு ரப்பர் ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது, வண்டி வேகம் எடுத்து அழுத்தம் ஏறினதும் மேல் ரப்பர் பிதுங்கி ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டிவிடும். இப்படி எஞ்சின் பிடித்துப்போய் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய் ஃபில்டர் வேலையில் எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்தது. துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். புது ஃபில்டரின் ரப்பரில் புது ஆயிலை விரலால் பூசி, கையாலேயே ஏற்றுங்கள். ரப்பர் தொட்ட பிறகு இன்னும் முக்கால் சுற்று, அதுவும் கையால். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்ற முடியாது.

டிரெயின் போல்ட்டைத் திரும்பப் போடும்போதும் அதே பொறுமை வேண்டும். புது வாஷரோடு விரலால்தான் ஆரம்பிக்க வேண்டும். மரை சரியாகப் பிடித்திருந்தால் ஐந்தாறு சுற்று விரலிலேயே ஓடும். இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். இங்கேதான் வீட்டில் செய்கிறவர்கள் பலம் காட்டுகிறார்கள், கசிந்துவிடுமோ என்ற பயத்தில். கசியாமல் அடைப்பது வாஷர்தான், கை பலம் தேவையில்லை. பல சிறிய கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரைதான் கேட்கும். முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரென்ச் இல்லாவிட்டால் குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழாய் சொருகி நீட்டி முறுக்காதீர்கள். அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்பின் மரை போனால் சம்பையே மாற்றும்படி ஆகிவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் அப்பாவிடம் ஸ்பேனரைக் கொடுக்க வேண்டாம், டிராக்டர் போல்ட் பழகின கை அது.

உங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். மூன்றரை லிட்டர் டப்பா வாங்கினால் முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள். இரண்டரை லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, வண்டியை இறக்கிச் சமதரையில் நிறுத்தி, ஆயில் கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் தூக்கி நிற்கும் வண்டியில் கம்பி சொல்வது பொய். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே ஏறினதும் ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, வெளியே நின்றபடி டார்ச் அடித்து ஃபில்டர் பக்கமும் போல்ட் பக்கமும் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, பொறுத்து, கம்பியை மறுபடி பார்த்து, மேல் கோட்டை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முடியுங்கள். கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை எதையும் காக்காது. அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் அளவு எப்போதோ குறைந்து போயிருக்கும். அதனால் மாதம் ஒருமுறை கம்பியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டியில் கறுப்பாக நிற்கிற அந்த மூன்று லிட்டர். இதை அப்பாவிடம் கொடுக்காதீர்கள் அம்மணி. நம்ம பக்கத்தில் காலம் காலமாக வேலிக் காலுக்கும் பட்டிக் கதவுக்கும் பூசியிருக்கிறார்கள், தெரியும். கரையான் ஏறாதுதான். ஆனால் புது ஆயிலும் ஓடி முடித்த ஆயிலும் வேறு வேறு பொருள். எஞ்சினுக்குள் எரிந்து எரிந்து அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் சேர்கின்றன, தேய்ந்த உலோகத் துகள்களும் சேர்கின்றன. கட்டுத்தரை மரத்தில் பூசினால் அங்கே கட்டின மாடு உரசும், நக்கும். கன்றுகள் எதைப் பார்த்தாலும் நக்கிப் பார்க்கும். காங்கேயம் மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுப் புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க இதைத் தடவுகிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம்.

வேலிக் காலில் பூசினது மழையில் மண்ணுக்குள் இறங்கும். ஒரு முறை மாற்றுகிற காரின் பழைய ஆயில் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது, லிட்டரில் அது ஏறக்குறைய 38 லட்சம். தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்று உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நீங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அங்கே கொட்டினது பெரிய தொழில், இங்கே மூன்று லிட்டர்தான். ஆனால் வீட்டுக்கு வீடு ஆயில் மாற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்றுக்கும் பக்கத்தில் ஒரு மூன்று லிட்டர் இருக்கும். உங்கள் போர் எத்தனை நூறு அடி ஆழம் என்றாலும் மேலே உள்ள மண்ணும் கிணறும் உங்களுடையதுதானே.

கரையானுக்கு வேறு வழி இருக்கிறது. மரக்காலை மண்ணில் புதைக்காமல் சிமெண்ட் அடிப்பாகத்தில் நிறுத்தலாம், கட்டுத்தரைக்கு அது போதும். வேலிக்கு நம்ம பக்கம் கல்லுக்கால் கிடைக்கிறது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் கிளுவை வேலி இருக்கிற இடத்தில் கால் நடும் தேவையே இல்லை, அது உயிரோடு நிற்கிற மரம்.

பழைய ஆயிலுக்கு என்ன செய்வது? புது ஆயில் வந்த அதே டப்பாவில் புனல் வைத்து ஊற்றி மூடுங்கள். இந்த டப்பாவை இப்போது கிழிக்காதீர்கள், ஆயிலை ஒர்க்‌ஷாப்பில் ஊற்றிக் காலி செய்த பிறகுதான் கிழிக்க வேண்டும். அதில் மண்ணெண்ணெய், பெட்ரோல், கூலண்ட், தண்ணீர் எதுவும் கலக்கக் கூடாது, கலந்தால் மறுபடி சுத்திகரிக்க உதவாது. பழைய ஃபில்டரின் அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, டப்பாவின் மேல் புனலில் ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள், உள்ளே இருப்பதும் இறங்கிவிடும். பழைய ஆயில் 2016-ஆம் வருட விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதைச் சுத்திகரித்து மறுபடி அடிப்படை ஆயிலாக்கப் பதிவு பெற்ற ஆலைகள் இருக்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒர்க்‌ஷாப்புகள் பேரலில் சேர்த்து அந்த ஆலைகளின் ஆட்களிடம் கொடுக்கும். காங்கேயத்திலோ வெள்ளகோவிலிலோ பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஆயில் மாற்றுவதற்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள், வாங்கிக்கொள்வார்களா, வாங்கினதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று. செங்கல் சூளைக்கோ பாய்லருக்கோ எரிக்கக் கொடுக்கிறோம் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். பதில் கிடைக்காத வரை போல்ட்டைத் திறக்காதீர்கள்.

மிச்சம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆயிலும் ஃபில்டரும் எங்கே வாங்கினாலும் காசுதான், மிஞ்சுவது கூலி மட்டும். ராம்ப், ஸ்பேனர், சட்டி வாங்கும் முதல் வருடத்தில் அதுவும் மிஞ்சாது. நம்ம வண்டிக்குள் என்ன போனது என்று நமக்குத் தெரியும் என்பதுதான் உண்மையான லாபம், பழைய வண்டியில் அது பெரிய லாபம். மாற்றின தேதி, கிலோமீட்டர், ஆயில் எண், ஃபில்டர் பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட் அசையவே இல்லை, தலை மழுங்க ஆரம்பிக்கிறது, முன்பே யாரோ மரையைக் கெடுத்து டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போங்கள். ஆயில் இன்னும் உள்ளே இருப்பதால் வண்டி ஓடும். அதனால்தான் இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கக் கூடாது. சனிக்கிழமை காலை, கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். அப்பாவின் டிராக்டர் ஆயிலையும் அடுத்த முறை இதே மாதிரி தனிக் கேனில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது கேன்களின் மூடியை இறுக்கி, டிக்கியில் ஒரு பழைய டிரேக்குள் நேராக நிறுத்தி எடுத்துப் போங்கள். ஆயில் ஊறின நார்த்தூளையும் துணியையும் குப்பையில் எரிக்காமல் ஒரு பையில் கட்டி அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.